பாலிப் தவறாமல் இருக்க: கஃப்பா, ஏஐ-யா?

பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி முடித்து, அந்தக் குழாயை, அதாவது ஸ்கோப்பை வெளியே எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கவலைதான்: பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டி) எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டேனா? ஒருவருக்கே அடுத்தடுத்து இரண்டு முறை செய்து பார்த்த ஆய்வுகளில், முதல் முறை ஏறக்குறைய நான்கில் ஒரு அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) தவறியிருந்தது. மருத்துவர் அடினோமா கண்டறியும் விகிதம் (பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேரிடம் ஒரு அடினோமாவாவது கண்டார் என்பது) 1 சதவீதப் புள்ளி கூடினால், அடுத்த பரிசோதனைக்குள் புற்றுநோய் தலைகாட்டும் அபாயம் சுமார் 3 சதவீதம் குறைகிறது என்று 2014-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

குடல் சுத்தமாக இருக்க வேண்டும், ஸ்கோப்பை நிதானமாக வெளியே இழுக்க வேண்டும். இவை எல்லோரும் அறிந்தவை. அதற்கு மேல் கஃப் என்ற சின்ன வளையமா, ஏஐ மென்பொருளா, எதைச் சேர்ப்பது என்று வந்தபோது நான் கஃப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏஐ நல்ல கருவிதான். திரையில் பாலிப் தெரிந்ததும் கட்டம் போட்டுக் காட்டும். இத்தாலியில் 2020-ல் வெளியான ஆய்வில் கண்டறியும் விகிதம் 40.4-லிருந்து 54.8 சதவீதமாக ஏறியது. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் 1 சென்டிமீட்டருக்கும் சிறியவை. நாள் முழுக்கப் பார்த்துக் கண் சோர்ந்த நேரத்தில் இப்படி ஒரு துணை இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் திரைக்கு வராததை ஏஐ எப்படிக் காட்டும்? பெருங்குடல் வழவழப்பான குழாய் இல்லை, மடிப்பு மடிப்பாக இருக்கும். கேமரா முன்னோக்கிப் பார்ப்பதால் மடிப்பின் பின்பக்கம் மறைந்துவிடுகிறது. வலது பக்கக் குடலில் இது இன்னும் மோசம். கஃப் என்பது ஸ்கோப் முனையில் மாட்டும் சின்ன வளையம். அதிலுள்ள மெல்லிய விரல்கள் உள்ளே போகும்போது பின்னால் படிந்துவிடும். வெளியே இழுக்கும்போது விரிந்து, ஒவ்வொரு மடிப்பையும் பிடித்துத் தட்டையாக்கும். பின்பக்கத்தில் ஒளிந்திருந்த பாலிப் அப்போது கண்முன் வந்து நிற்கும். முனையும் சட்டென்று வழுக்கி ஓடாது. எனக்கு முடிவைத் தந்தது இதுதான். இங்கிலாந்தில் 2019-ல் வெளியான ஆய்வில், புற்றுநோய்த் திரையிடலுக்கு வந்தவர்களிடம் விகிதம் 50.9-லிருந்து 61.7 சதவீதமாக உயர்ந்தது. ஏஐ-யோடு கஃப்பையும் சேர்த்தபோது, ஏஐ மட்டும் இருந்ததைவிடக் கூடுதலாகவே கிடைத்தது என்றும் ஒரு ஆய்வு உண்டு. இரண்டும் வெவ்வேறு ஓட்டைகளை அடைக்கின்றன என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

செலவில் கஃப் ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதிதாக வேண்டும். ஏஐ-க்கு அந்தத் தொல்லை இல்லை. நான் ஏஐ-யைச் சில வாரங்கள்தான் பயன்படுத்தினேன், அதனால் தவறான கட்டங்கள் போகப்போக எவ்வளவு எரிச்சல் தரும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

கஃப்புக்கும் எல்லை உண்டு. சிக்மாய்டு (மலக்குடலுக்கு முந்தைய வளைந்த பகுதி) குறுகி, டைவர்டிகுலம் (குடல் சுவரில் உருவாகும் சிறு பைகள்) நிறைந்து இருந்தால் உள்ளே போவது கஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கோப்பை வெளியே எடுத்து, கஃப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நுழைந்திருக்கிறேன். அந்தப் பரிசோதனைகளில் மட்டும் பக்கத்தில் ஏஐ இருந்திருக்கலாமே என்று தோன்றியிருக்கிறது.