கான்ட்டி இலக்கணத்தை அச்சிட்டுக் கட்டித் தந்த செக்காலை ரோட்டுக் கடை

காரைக்குடியில் ஆய்வேடோ வகுப்புக் குறிப்புகளோ அச்சிட்டுக் கட்ட வேண்டியவர்களுக்கு, செக்காலை ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே இயங்கும் சிறிய ஜெராக்ஸ், பைண்டிங் கடையைத் தயங்காமல் சொல்வேன். நான் கொடுத்த வேலை எளியதல்ல.

மேற்கு சைபீரியாவில் ஓப் ஆற்றை ஒட்டிப் பேசப்படும் கான்ட்டி மொழியைப் பற்றி முதுகலை மாணவர்களுக்காக எழுதிய குறிப்புநூல் அது. ஹங்கேரிய மொழிக்குத் தூரத்து உறவான மொழி. 2010 ரஷ்யக் கணக்கெடுப்பில் கான்ட்டி இனத்தவர் ஏறத்தாழ 31,000 பேர். மொழி தெரிந்தவர்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. தெற்குக் கிளைமொழி முற்றிலும் அழிந்தேவிட்டது. இப்படிப்பட்ட மொழியின் விகுதிகளைப் பிழையாக அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

மாதிரிப் பக்கம் வந்ததும் கடைக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டார். "டீச்சர், சில எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன, பாருங்கள்" என்றார். மறைந்திருந்தது ஙகர ஒலிக்கான எழுத்து. வடக்குக் கான்ட்டியில் இருமை விகுதி அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஒருமை, பன்மையோடு இரண்டைத் தனியே காட்டும் மொழியில் அது போனால் பாதி அட்டவணை போயிற்று. எழுத்துருவைத் தேடி நிறுவி மறுபடி அச்சிட்டார். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

உடைமை விகுதிகளின் அட்டவணை பெரியது. உடையவர் மூவிடத்திலும் ஒருமை, இருமை, பன்மை என ஒன்பது வகை. உடைமைப் பொருளும் ஒன்றா, இரண்டா, பலவா என்று பார்த்தால் 27 கட்டங்கள். 'எங்கள் இருவருடைய இரு வீடுகள்' என்பதற்கு வீட்டுச் சொல்லோடு விகுதி சேர்ந்தாலே போதும். இதைச் சிறிய தாளில் நெருக்காமல் ஏ3 தாளில் அச்சிட்டு, விரித்துப் பார்க்கும்படி மடித்துக் கட்டியிருக்கிறார்கள். மிக நேர்த்தி.

தட்டச்சுத் திருத்தம் பார்க்கும் பெண்ணைத் தனியே பாராட்ட வேண்டும். 'விருந்தினரால் வரப்பட்டேன்' என்ற வரியைக் கண்டு, தானாகத் திருத்தாமல், பிழையா என்று கேட்டார். பிழையல்ல. கான்ட்டியில் 'வா' போன்ற வினைக்கும் செயப்பாட்டு வடிவம் உண்டு. பேச்சு என்னைப் பற்றியது என்றால் நானே எழுவாயாக நிற்பேன், வந்தவர் இடவேற்றுமை ஏற்று ஒதுங்கிவிடுவார். அந்த அமைப்பைத் தமிழில் காட்டவே அப்படி எழுதியிருந்தேன். விளக்கியதும் அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்துவிட்டே அச்சுக்கு அனுப்பினார்.

குறை வண்ண அச்சில்தான். மொழித்தொடர்பு இயலில் அண்டை மொழியான கோமியிலிருந்து வந்த சொற்களைப் பச்சையிலும், துருக்கிய இன மொழியான தாத்தாரிலிருந்து வந்தவற்றை நீலத்திலும், ரஷ்யச் சொற்களைச் சிவப்பிலும் குறித்திருந்தேன். பச்சையும் நீலமும் ஒன்றாகவே தெரிகின்றன. ரொட்டியைக் குறிக்கும் சொல் கோமியிலிருந்து வந்தது என்று மாணவர்களுக்கு நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவப்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நல்லவேளை, அதுதான் எனக்கு முக்கியம். 1960களில் எண்ணெய் வயல்கள் திறந்து ரஷ்யமொழியினர் பெருகிய பின் சொற்களோடு வாக்கிய அமைப்பும் மாறுகிறது. நம் 'வந்தபோது' போல எச்சத்தால் சொன்ன இடங்களில் ரஷ்ய இணைப்புச்சொற்கள் நுழைகின்றன.

விலை பஸ் நிலையத்துக் கடைகளைவிடச் சற்றுக் கூடுதல். கேலிகோ அட்டையும் தையலும் அதற்குத் தகும். முகூர்த்த மாதங்களில் திருமண அழைப்பிதழ் வேலையே நிறைந்திருக்கும், அப்போது போக வேண்டாம். சிறப்பு எழுத்துகள் இருந்தால் எழுத்துருக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.