ரேடானோடு இரண்டரை வருடம்

காலையில் ராணிப்பேட்டையிலிருந்து நண்பன் போன் பண்ணினான். "இன்னா மச்சான், ரேடான் எங்க டீமுக்குப் போடலாமா?" பைத்தான் மொழியில் எழுதின புரோகிராம் எவ்வளவு சிக்கல் என்று மார்க் போடும் டூல்தான் ரேடான். கேட்டதும் கத்திவிட்டேன். அவன் மேல் தப்பில்லை. அக்னி நட்சத்திர வெயில், கரண்ட் வேறு இல்லை, அதற்குச் சற்று முன்புதான் ரேடான் கணக்கில் வரம்பு மீறினால் தடுக்கும் செனான் என்ற டூல் என் பில்டை (புரோகிராமைத் தயார் செய்து வெளியிடும் வேலையை) நிறுத்தியிருந்தது. இப்போது பொறுமையாக எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் நாலு பேர். தோல் ஷாப்புகளுக்கு ஸ்டாக், கூலி, பில் எல்லாம் பைத்தானில் எழுதித் தருகிறோம். ரேடான் செய்வது இதுதான்: ஒரு ஃபங்ஷனில் (புரோகிராமின் ஒரு தனிப் பகுதி) வழி பிரிக்கும் இஃப், எலிஃப், ஆண்ட், ஆர், திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபார், வைல் எல்லாவற்றையும் எண்ணி, ஒன்றைக் கூட்டி, ஏ (நல்லது) முதல் எஃப் (மோசம்) வரை கிரேடு போடும். 1976-ல் தாமஸ் மெக்கேப் என்பவர் சொன்ன கணக்கு. அவர் வைத்த வரம்பு 10. இங்கும் 10-ஐத் தாண்டினால் சி.

என் சண்டை ஒரே ஃபங்ஷனைப் பற்றி. தோலின் தரம், அதாவது செலக்‌ஷன் பார்த்துச் சதுர அடிக்கு விலை எடுக்கும். ஒரு இஃப், கீழே 23 எலிஃப் (இல்லாவிட்டால் இதுவா என்ற கேள்வி), தலைக்கு ஒரு லைன். புரோகிராம் தெரியாத மேஸ்திரியே திரையில் விரல் வைத்து, "பதினொண்ணாவது ரேட்டு தப்பு சார்" என்று காட்டியிருக்கிறார். அதற்கு 25, டி கிரேடு.

அதே ஃபைலில் கூலிக் கணக்கு இருக்கிறது. ஃபாருக்குள் ஃபார், அதற்குள் இஃப், அதற்குள் வைல், அதற்குள் இன்னோர் இஃப். போனஸ் சமயத்தில் அதைத் திறக்க எழுதின எனக்கே பயம். ஐந்தும் ஒன்றும் ஆறு. பி கிரேடாம்! எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை. சோனார்க்யூப் என்ற இன்னொரு டூலின் காக்னிடிவ் கணக்கில் உள்ளே போகப் போக எடை கூடும், இதுவே 1, 2, 3, 4, 5 என்று கூடி 15 ஆகும். (எலிஃபுக்கு அங்கேயும் தள்ளுபடி கிடையாது, அது தனி வயிற்றெரிச்சல்.)

டிக்‌ஷனரியாக மாற்றலாமே, தரத்தைக் கொடுத்தால் விலையைத் தரும் பட்டியலாக, என்பீர்கள். மாற்றினேன், 25 போய் 1 வந்தது. சோதிக்க வேண்டிய விலைகள் மட்டும் அதே 24. அப்புறம் இரண்டு செலக்‌ஷனுக்குக் கனமும் பார்க்க வேண்டும் என்றார்கள், பழையபடி எலிஃபுக்கே வந்துவிட்டேன். அந்த ஃபைலை செனானின் விலக்குப் பட்டியலில் போட்டு வைத்திருந்தேன். நேற்று ஃபைல் பெயரை மாற்றினேன், பட்டியலில் மாற்ற மறந்தேன். காலைக் கூத்து அதுதான்.

எங்கள் தம்பி ஒருவன் இன்னும் கெட்டிக்காரன். 13 வந்த ஃபங்ஷனை மூன்றாக வெட்டி பகுதி1, பகுதி2, பகுதி3 என்று பெயர் வைத்தான். மூன்றுக்கும் ஏ. படிக்கத்தான் யாராலும் முடியவில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிறுவின முதல் நாளே எங்கள் பில் பிரிண்டுக்கு 58, எஃப் என்று காட்டியது. வருஷக்கணக்காக யாரும் தொடாத ஃபங்ஷன். வேண்டாவெறுப்பாகத் திறந்து ஒவ்வொரு கிளையாகப் போனேன். உள்ளூர் ஜாப் ஒர்க் பில்லில் வரியே போடாமல் வெளியேறும் ஒரு கிளை கிடைத்தது. ஆடிட்டர் கண்ணில் படுவதற்கு முன்னால் நான் பார்த்தேன் என்றால் அது ரேடான் புண்ணியம். காசு இல்லை, சர்வர் வேண்டாம், எங்கள் மொத்த புரோகிராமையும் டீ ஆறுவதற்குள் பார்த்துவிடும். என் மெஷினிலிருந்து எடுக்கப் போவதில்லை.

நண்பனுக்குச் சாயங்காலம் திருப்பிப் போன் பண்ணினேன். வேண்டாம்டா என்றேன். அந்தக் கூலிக் கணக்குக்கு பி போடுகிற ஒன்றை எந்த வாயால் சிபாரிசு செய்வது?