ஈசிஜி நார்மல், படபடப்பு மட்டும் நிற்கவில்லை: ஸ்கேன் சென்டரில் எடுத்த ஹோல்டர் டெஸ்ட்

அம்மாவுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், ஆனால் ஈசிஜி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் நார்மல். இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு நாளைக்கு இதயம் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது, வழக்கமான ஈசிஜி அதில் பிடிப்பது 10 விநாடியை. அதனால்தான் டாக்டர் 24 மணி நேரமும் உடம்பிலேயே இருந்து துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் பெட்டியை எழுதிக் கொடுத்தார், பக்கத்து ஸ்கேன் சென்டரிலேயே மாட்டிக்கொண்டோம்.

மாட்டிவிட்ட பெண் டெக்னீஷியனுக்கு முழு மதிப்பெண். எண்ணெய்ப் பிசுக்கு போக ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, சதை ஆடாத எலும்பு மேல் இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொரு வயரையும் ஒரு சுற்று வளைத்துப் பிளாஸ்திரி போட்டார், இழுபட்டாலும் ஸ்டிக்கர் பிய்யாது. இந்த டெஸ்ட்டின் தரமே இங்கேதான் இருக்கிறது, ஸ்டிக்கர் தளர்ந்தால் ரிப்போர்ட் முழுக்கக் கிறுக்கல்தான் வரும். பெட்டி சின்னது, இடுப்பில் தொங்கும், குளிக்க மட்டும் முடியாது.

குறை என்றால் அந்த டைரித் தாள். எத்தனை மணிக்கு என்ன செய்தோம், என்ன தொந்தரவு என்று எழுத வேண்டிய தாளை முழுக்க ஆங்கிலத்தில் கொடுத்தால் அம்மா எப்படி எழுதுவார்? தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க என்ன செலவாகும்? நான் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். வடாம் எடுக்க மாடிப்படி ஏறியபோது படபடத்ததை அம்மா நேரத்தோடு எழுதி, பெட்டியில் இருந்த பட்டனையும் அமுக்கியிருந்தார். ரிப்போர்ட்டில் சரியாக அதே நேரத்தில் எக்டோபிக் துடிப்புகள், அதாவது முறைக்கு முன்னாலேயே வந்துவிடும் துடிப்பு. அது வந்ததும் சின்ன இடைவெளி விழும், அந்த நேரத்தில் இதயத்தின் கீழறையில் கூடுதல் ரத்தம் நிரம்பிவிடும், அடுத்த துடிப்பு அதை ஓங்கித் தள்ளும். அம்மா "திக்குனு தூக்கிப் போடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை விளக்கவில்லை. முதல் பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற இடத்தில் 'குறைந்தபட்சம் 46' என்று பார்த்ததும் வீடே பதறிவிட்டது. ஆழ்ந்த தூக்கத்தில் அவ்வளவு இறங்குவது பலருக்கும் சகஜம்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்கினோம். அவர் முக்கியமாகத் தேடியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அது இல்லை. எக்கோவும் (இதய ஸ்கேன்) நன்றாக இருந்ததால், தைராய்டு பார்த்துவிட்டு காபியைக் குறைக்கச் சொன்னார்.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள், ஹோல்டர் காட்டுவது துடிப்பின் தாளத்தை, ரத்தக்குழாய் அடைப்பை அல்ல. நெஞ்சு வலியும் வியர்வையுமாக இருந்தால் டெஸ்ட்டுக்கு நாள் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், வாரத்துக்கு ஒரு முறைதான் படபடப்பு வருகிறது என்றால் 24 மணி நேரத்தில் அது சிக்காமலே போகலாம், நாள்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இந்த சென்டரில் அது கிடையாது. 24 மணி நேரம் போதும் என்பவர்கள் தாராளமாக இங்கே போகலாம், பெண்கள் என்றால் புக் செய்யும்போதே பெண் டெக்னீஷியன் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டையோ நைட்டியோ எடுத்துப் போங்கள்.