வால்வு ரேடியோவின் உறுமலும் கரகரப்பும்: ஆறு வருட அனுபவம்

இந்த வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்குவது) என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. மரப்பெட்டி, நிலையம் சரியாகப் பிடித்ததைப் பச்சையாக மின்னிக் காட்டும் மேஜிக் ஐ, உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கருக்கு ஒலி தரும் வால்வு ஈ.எல்.84, மாறுமின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர் வால்வு ஈ.இசட்.80. வந்த அன்று அப்படியே பிளக்கில் செருகாமல், உள்ளே ஷார்ட் இருந்தாலும் மின்னோட்டம் எல்லை மீறாதபடி 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் கோத்து மின்சாரம் கொடுத்தேன். அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

நிலையங்கள் கிடைத்தன. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தும் அது குறையவில்லை. அப்படியென்றால் உறுமல் நுழைவது வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகுதான். அலையின் இரு பாதியையும் பயன்படுத்தும் முழு அலை ரெக்டிஃபயர் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ஏற்ற இறக்கத்தைச் சமனாக்கும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனால் கேட்பது 100 ஹெர்ட்ஸ் உறுமல். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரிலிருந்து, எலக்ட்ரானை உமிழும் கேதோடுக்கு மின்சாரம் கசிந்தால் வருவது 50 ஹெர்ட்ஸ், இன்னும் கனத்த ஒலி. என்னுடையது முதல் வகை. பழைய டப்பா கண்டென்சரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட்டில் இரண்டு போட்டதும் உறுமல் அடங்கியது. 220 மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் அமைதியாகுமே என்று கை துறுதுறுத்தது. நல்ல வேளை போடவில்லை. ஈ.இசட்.80-க்கு முதல் ஃபில்டர் 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகக்கூடாது, வால்வு தாங்காது.

இரண்டு வருடம் நிம்மதி. அப்புறம் புது வியாதி: போட்டதும் நன்றாகப் பாடும், இருபது நிமிடம் கழித்துக் குரல் கரகரக்கும், கூடவே லேசாகப் பழைய உறுமல். ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன். வேறு ஸ்பீக்கர் மாட்டியும் அதே கதை. சரி, வால்வுதான் போய்விட்டது என்று புது ஈ.எல்.84 போட்டேன். சரியாகிவிட்டது! சில மாதத்தில் திரும்பவும் அதே கரகரப்பு.

அதன் பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். ஈ.எல்.84-இன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட். கேதோடில், 150 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 7.5 அளவில் இருக்க வேண்டியது 10.2. அதாவது 50 மில்லிஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 68. எலக்ட்ரான்களை வாங்கும் ஆனோடு அதன் 12 வாட் வரம்பைத் தாண்டி வெந்துகொண்டிருந்தது. இவ்வளவு மின்னோட்டத்தை இழுத்தால் ஃபில்டர் திணறும். உறுமல் எட்டிப் பார்த்ததும் அதனால்தான்.

குற்றவாளி வால்வா, கண்டென்சரா? ரேடியோவை அணைத்து, ஈ.எல்.84-ஐ உருவிவிட்டு, அது இல்லாமலே ரேடியோவை மறுபடி போட்டு அளந்தேன். கிரிட்டில் வோல்டேஜ் அப்படியே நின்றது. வால்வு காரணமென்றால் அது மறைந்திருக்கும். ஆக, முந்தைய வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, ஒருதிசை மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய அந்தச் சுண்டுவிரல் அளவு மெழுகுக் காகிதக் கண்டென்சர்தான் கசிகிறது. சூடேறச் சூடேறக் கசிவும் கூடியது, அந்த இருபது நிமிடக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்தேன். அநியாயமாக ஒரு நல்ல வால்வைத் தேய்த்துவிட்டேன் என்ற வருத்தம் மட்டும் மிச்சம்.

வால்வை உருவி அளப்பது ஹீட்டர்கள் தொடரில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் நடக்காது. ஒன்றை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். அந்த வகையில் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே வீட்டு மின்சாரம் ஏறியிருக்கலாம், அனுபவமில்லாதவர்கள் தொடவே வேண்டாம். என்னுடைய செட்டிலும் அணைத்த பிறகு ஃபில்டர் கண்டென்சரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைப்பேன்.

இப்போது ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினால் மெல்லிய உறுமல் கேட்கிறது, ஓரடி தள்ளினால் இல்லை. அதை நான் துரத்துவதில்லை. சில நிலையங்களில் மட்டும் ஓர் இரைச்சல் வந்தது. பக்கத்திலிருந்த ஃபோன் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது. போன வாரம் ஒரு மணி நேரம் பாடவிட்டு அளந்தேன்: கேதோடில் 7.4, கிரிட்டில் பூஜ்யம்.