கார்பன்-செராமிக் பிரேக்: இரண்டு சீசன் டிராக்கில் ஓட்டிவிட்டுக் கழற்றி வைத்த கதை

செராமிக் பிரேக் போட்டால் கார் இன்னும் சீக்கிரம் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: நிற்காது. நல்ல நிலையில் இருக்கும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) சரி, செராமிக்கும் சரி, பெடலை ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு இரண்டாலும் சக்கரத்தைப் பிடிக்க முடியும். அதற்கு மேல் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது டயர் தரையைப் பிடிப்பதைப் பொறுத்தது. பிரேக்கிங் தூரம் குறைய வேண்டும் என்றால் நல்ல டயர் வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நாலு டிராக் டேக்கு (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) கூடுதலாகப் போகலாம்.

அப்படியானால் ஏன் இந்த விமர்சனம்? நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் செராமிக் ஏற்கெனவே இருந்தது, தனியாகக் காசு கொடுத்து ஆப்ஷனாக எடுத்ததில்லை. இரண்டு சீசன் அதிலேயே ஓட்டினேன், பிறகு கழற்றிவிட்டு இரும்பு போட்டேன், அதில் ஒரு சீசன் ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே காரில், ஒரே டிராக்கில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபார்முலா 1 காரில் இருப்பதும் இதுவும் ஒன்றல்ல. அது கார்பன்-கார்பன், சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும், ரோட்டில் காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் நிறுத்த அது உதவாது. நம் கார்களில் வருவது வேறு. நறுக்கிய கார்பன் இழையைப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தி, ஆக்சிஜன் இல்லாத உலையில் சுட்டுப் பிசினையும் கார்பனாக்கி, அப்புறம் உருகிய சிலிக்கானை உள்ளே ஊற விடுகிறார்கள். சிலிக்கான் 1414 டிகிரியில்தான் உருகும், எனவே உலை அதற்கும் மேலே போக வேண்டும். ஊறிய சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடாக மாறுகிறது, சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். இவ்வளவு படிகள், இவ்வளவு உலை நேரம், அதனால்தான் விலையும் இரும்பைவிடப் பல மடங்கு.

போர்ஷே இதை 2001-இல் 911 ஜிடி2-வில் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே ஃபெராரி என்ஸோவில் வந்தது. அப்போதிருந்து செராமிக்கின் அடையாளமான மஞ்சள் கேலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பார்த்தாலே பார்க்கிங்கில் ஆள் கூடுவது வழக்கமாகிவிட்டது. (என் காரையும் அப்படிப் பார்த்தார்கள், பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.)

உண்மையான லாபம் எடை. அதே அளவு இரும்பு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் பாதி எடைதான். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை, அதிலும் சுழல்கிற எடை, எனவே காரின் உள்ளே இருந்து அதே கிலோவைக் குறைப்பதைவிட இங்கே குறைப்பது நன்றாகத் தெரியும். டிராக் ஓரத்து மேடான கர்ப் மேல் ஏறி இறங்கும்போது சக்கரம் சட்டென்று தரைக்குத் திரும்புகிறது, ஸ்டியரிங் திரும்பும் முதல் கணத்தில் முன்பக்கம் இலேசாக இருக்கிறது. இரும்புக்கு மாறிய முதல் நாள் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது நாள் மறந்துவிட்டேன். ஸ்டாப்வாட்சும் அதைக் கண்டுகொள்ளவில்லை, டயரின் வயதும் அன்றைய வெயிலும் அதைவிடப் பெரிதாக நேரத்தை மாற்றின.

சரி, இப்போது சூட்டுக்கு வருவோம். எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். "செராமிக் சூடாகாது" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 கிலோ கார் ஒன்று நேர்பாதையின் முடிவில் 250 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90-க்கு இறங்குகிறது. நாலைந்து வினாடிக்குள் சுமார் 31.5 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். சாதாரணச் சூட்டில் இருக்கும் சுமார் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு அது. கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மற்றது முழுக்க டிஸ்க்குக்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும், அதிலும் பெரும்பங்கு முன்பக்கத்துக்கு. ஒரு கிலோ செராமிக் ஒரு கிலோ இரும்பைவிட அதிக வெப்பத்தை வாங்கும் என்பது உண்மை. ஆனால் எடையே பாதிதான் இருக்கிறது, ஆகவே மொத்தத்தில் அதே பிரேக்கிங்குக்குச் செராமிக் டிஸ்க் இரும்பைவிட அதிகமாகச் சூடேறும். இதைச் சமாளிக்கத்தான் டிஸ்க்கைப் பெரிதாக்குகிறார்கள். 991 தலைமுறை 911 ஜிடி3-ல் இரும்பு என்றால் முன்னும் பின்னும் 380 மில்லிமீட்டர், செராமிக் என்றால் முன்னே 410, பின்னே 390.

அந்தச் சூட்டிலும் செராமிக் வளையாது, பிடிப்பும் விடாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து நிமிட செஷன் முழுக்க பெடல் கல் மாதிரி இருந்தது, கடைசி லேப்பிலும் முதல் லேப்பில் இருந்த அதே உயரத்தில் பிடித்தது. ஆனால் சூட்டைத் தாங்குகிற டிஸ்க் அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் தலையில் கட்டுகிறது. பேட், கேலிப்பர் சீல், பெடலின் அழுத்தத்தைக் கேலிப்பருக்குக் கொண்டுபோகும் பிரேக் ஃப்ளூயிட் எல்லாம் அதே வீட்டில்தான் குடியிருக்கின்றன. பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போனால் பெரும்பாலும் ஃப்ளூயிட் கொதித்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு எந்த டிஸ்க்கும் மருந்தில்லை. டாட் 4 என்ற பிரேக் ஃப்ளூயிட் தரம் புது ஃப்ளூயிடுக்குக் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155. மோட்டுல் ஆர்பிஎஃப் 660 என்ற ரேஸ் ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது 325 டிகிரி வரை தாங்கும். செராமிக் இருக்கிறதே என்று பழைய ஃப்ளூயிடோடு டிராக்குக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி நான் ஏன் கழற்றினேன் என்பது.

இரும்பு டிஸ்க் தேய்வது கண்ணுக்குத் தெரியும். விளிம்பில் உதடு மாதிரி மேடு நிற்கும், மைக்ரோமீட்டரில் தடிமன் குறையும், துளைகளிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும், நகத்தால் தடவிப் பார்க்கலாம். செராமிக் அப்படி இல்லை. சாதாரண ரோடு ஓட்டத்தில் அது தேய்வதே அரிது, ஒரு காரின் ஆயுள் முழுக்கக்கூட வரலாம். டிராக்கில் நடப்பது வேறு. சுமார் 500 டிகிரியைத் தாண்டினால் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரியத் தொடங்கும். டிஸ்க் அதே தடிமனில் இருக்கும், உள்ளே இருக்கிற இழைகள் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருக்கும். கரையான் அரித்த கதவு மாதிரி, பெயின்ட் போகாது, தட்டினால்தான் தெரியும். அதனால்தான் இவற்றுக்குத் தடிமனோடு குறைந்தபட்ச எடையும் சொல்கிறார்கள், டிஸ்க்கின் நடுவிலேயே பொறித்திருப்பார்கள். நான் அந்த எண்ணைக் கவனிக்கவே ஒரு சீசன் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரண்டு டிராக் டேக்கும் ஒரு முறை கழற்றித் தராசில் வைத்தேன். முதலில் சில கிராம். வேகம் கூடக் கூட, பிரேக் புள்ளியைத் தள்ளிப்போடக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, இழப்பும் கூடியது. அதாவது நான் நன்றாக ஓட்டத் தொடங்கியதன் பில் டிஸ்க்கில் ஏறியது.

டிஸ்க் விளிம்பில் ஒட்டும் வெப்பப் பெயின்ட் பூசிப் பார்த்தேன், 430, 560, 610 டிகிரிகளில் நிறம் மாறும் மூன்று பட்டைகள். முன்பக்கத்தில் முதல் செஷனிலேயே மூன்றும் மாறிவிட்டன. பின்பக்கத்தில் இரண்டு மாறியது எனக்கு ஆச்சரியம், அப்புறம்தான் காரணம் உறைத்தது: கார் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை முழுக்க ஆன் செய்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நாம் வளைவில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலே அது பின்பிரேக்கைத் தொட்டுத் தொட்டுக் காரை நேராக்கும், நமக்குத் தெரியாமலே டிஸ்க் வெந்துகொண்டிருக்கும். புதிதாக டிராக்குக்கு வருகிறவர்களின் பின்பேட் முன்பேடைவிட முதலில் தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தச் சிப், அதாவது உதிர்ந்த சில்லு. டயர் மாற்றக் கொடுத்த ஓர் இடத்தில் சக்கரத்தை மாட்டும்போது ரிம்மின் உட்பக்கம் டிஸ்க் விளிம்பில் இடித்துவிட்டது. இரும்பாக இருந்தால் ஒரு கீறல், துடைத்துவிட்டுப் போகலாம். செராமிக்கில் சின்னதாக ஒரு துண்டு உதிர்ந்தது. "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் ஓட்டலாம் என்று கையேட்டில் இருக்கிறது, என் சிப்பும் அந்த அளவுக்குள்தான் இருந்தது, ஆனாலும் அன்றிலிருந்து 250-இல் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. செராமிக் வைத்திருப்பவர்கள் சக்கரம் மாட்டும்போது ஹப்பில் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) திருகும் நீளமான வழிகாட்டிக் கம்பி இரண்டு எப்போதும் பையில் வைத்திருங்கள், வேறு யாரையும் சக்கரத்தைத் தொட விடாதீர்கள். டிராக்குக்கு வெளியே சரளை நிரப்பிய கிராவல் டிராப்பில் இறங்கினால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த லேப் போகாதீர்கள்.

இரும்புக்கு மாறுவது நான் பயந்த அளவுக்குச் சிக்கலாக இல்லை. அதே கேலிப்பர், அதே விட்டத்தில் இரண்டு துண்டு டிஸ்க்: நடுவில் அலுமினியக் கிண்ணம், வெளியே மிதக்கும் இரும்பு வளையம். வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பேடைக் கட்டாயம் மாற்ற வேண்டும், செராமிக்குக்கு உள்ள பேடை இரும்பிலோ இரும்புப் பேடைச் செராமிக்கிலோ போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பழைய டிஸ்க்கோடு வந்த பேடைவிட இப்போதைய டிராக் பேடின் முதல் கடி எனக்குப் பிடித்திருக்கிறது, காலுக்குச் செய்தி அதிகமாக வருகிறது, வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே நுழைவது இன்னும் எளிதாக இருக்கிறது. இது டிஸ்க்கால் வந்ததா பேடால் வந்ததா என்று கேட்டால் பேட் என்றுதான் சொல்வேன்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். ரிம் கறுக்கிறது, வாரம் ஒரு முறை கழுவினாலும் போதவில்லை. மழையில் ஒரு ராத்திரி நின்றால் டிஸ்க் முகத்தில் துரு. டிராக் பேடோடு ரோட்டில் போனால் சிக்னலுக்குச் சிக்னல் கிறீச் என்று கத்துகிறது, பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார். செராமிக்கில் தூசியும் துருவும் கிட்டத்தட்ட இல்லை. வேடிக்கை என்னவென்றால் டிராக்குக்கு என்று விற்கப்படும் இந்தப் பொருளின் உண்மையான சுகமெல்லாம் ரோட்டில்தான் கிடைக்கிறது.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் டிராக்குக்குப் போகிறவர், காரை ரோட்டில் ரசிக்கிறவர் என்றால் செராமிக் எடுங்கள், அனுபவியுங்கள், அதைத் தேய்த்து முடிக்க உங்களால் முடியாது. மாதம் ஒரு முறை போகிறவர், ஒட்டும் டயர் போடுகிறவர், நேரத்தைத் துரத்துகிறவர் என்றால் ஆப்ஷன் பட்டியலில் அந்தப் பெட்டியை டிக் செய்யாதீர்கள். செவர்லே 2014 கமாரோ இசட்/28-ஐ டிராக்குக்காகவே செய்து, செராமிக்கையும் நிலையாகக் கொடுத்தது, எனவே செராமிக் டிராக்கில் வேலை செய்யும் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தேய்ந்த டிஸ்க்குக்குப் பணம் கட்டப்போவது அவர்கள் இல்லை. கார் ஏற்கெனவே செராமிக்கோடு வந்திருந்தால் என்னை மாதிரி எடை நன்றாக இருக்கும்போதே கழற்றி, ஒவ்வொன்றின் எடையையும் எழுதி ஒட்டி, பெட்டியில் வைத்துவிடுங்கள், விற்கும்போது திரும்ப மாட்டிக் கொடுக்கலாம். நறுக்கிய இழைக்குப் பதில் நீள இழை நெய்த செராமிக் டிஸ்க்குகளும் சந்தையில் உண்டு, சூட்டை இன்னும் வேகமாகக் கடத்தும், தேய்ந்தால் முகத்தைப் புதுப்பிக்கவும் முடியும். நான் போட்டதில்லை, ஆகவே அதற்கு மதிப்பெண் தரவில்லை.

என் நான்கு டிஸ்க்கும் இப்போது கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றித் தூங்குகின்றன. காரில் இருக்கிற முன் வலது வளையத்தில் இரண்டு துளைகளிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறது, விளிம்பைத் தொடவும் இல்லை, இன்னொரு துளையைச் சேரவும் இல்லை, நகமும் மாட்டவில்லை. புது வளையம் ஏற்கெனவே வாங்கி வைத்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவேன்.