வெள்ளி டிரெஸ்ஸிங்: எரிந்தாலும் பரவாயில்லை

வெந்நீர் கொட்டி முன்கையில் வந்த புண், ஐந்தாம் நாள் சீழ் பிடித்துவிட்டது. முதலில் சில்வர் சல்ஃபாடையசின் என்ற, வெள்ளி கலந்த தீப்புண் களிம்புதான். தினமும் பழைய களிம்பை வழித்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். அப்புறம் மருத்துவர் நானோ வெள்ளி, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள் பூசிய டிரெஸ்ஸிங்குக்கு மாற்றினார். கூடவே மாத்திரையும் சாப்பிட்டதால் முழுப் புகழையும் இதற்கே கொடுக்க மாட்டேன்.

ஈரம் பட்டால்தான் வெள்ளி அயனிகள் (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணுக்கள்) வெளிவந்து கிருமியைக் கொல்லும். நனைக்கக் கிருமி நீக்கிய நீர் மட்டும்தான். உப்புக்கரைசல் கூடாது, அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை என் பெட்டியில் ஓர் ஓரமாகப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்!

மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதே பெரிய நிம்மதி. இரண்டாவது முறை பிரித்தபோதே நாற்றம் குறைந்திருந்தது. ஆனால் போட்டதும் அரைமணி நேரம் சுள்ளென்று எரியும். ஒருமுறை காய்ந்து ஒட்டிக்கொண்டது; நர்ஸ் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். சுற்றியுள்ள தோலில் சாம்பல் கறை படிந்தது, சில நாளில் போய்விட்டது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், இதைக் கழற்ற வேண்டியிருக்கும்.