ஆறு வருஷமாக வீட்டுத் தீவனம்: கோழிக்கு ஒரு கணக்கு, வாத்துக்கு ஒரு கணக்கு

ஒரத்தநாடு பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் 16 நாட்டுக்கோழி, 7 வாத்து. கடைத்தீவன மூட்டை வாங்குவதை நிறுத்தி 6 வருஷம் ஆகிறது.

கோழிக்குஞ்சுக்குக் கரையானை மிஞ்சிய தீனி நான் பார்த்ததில்லை. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், சருகு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடத்தில் பொழுது சாய்ந்ததும் கவிழ்த்து வைப்பேன். விடியற்காலையில் தூக்கினால் சாக்கு முழுக்க வெள்ளையாக நெளியும். பஞ்சாரத்தைத் திறந்து அதை உதறினால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொத்தும்.

பெரிய கோழிக்குக் குருணை, உடைத்த கம்பு, தவிடு, முருங்கைக்கீரை. முதல் வருஷம் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை நிறைய விழுந்தது. கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தேன், நின்றுவிட்டது. சாணம் கரைத்த தொட்டித் தண்ணீரில் வளர்க்கிற அசோலா என்கிற மிதக்கும் செடியைக் கோழிகள் முதலில் சீண்டவே இல்லை. சாண வாடை போக நாலு தண்ணீரில் அலசி, தவிட்டில் பிசைந்து வைத்த பிறகுதான் தின்றன. வாத்துக்கு அந்தப் பாடே இல்லை, தொட்டியிலேயே அள்ளித் தின்னும்.

வாத்துக்கு ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர். பக்கத்திலேயே, மூக்குத் துவாரம் முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும்.

நான் தவறவிட்டது புண்ணாக்கில். மூன்றாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் கடலைப் புண்ணாக்குச் சாக்கின் அடியில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. மேலாக நன்றாயிருந்ததை மட்டும் எடுத்து ஊறவைத்து எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். கோழிகள் தீனி குறைத்ததோடு சரி. வாத்துக்குஞ்சுகள் தள்ளாடின, கழுத்து முதுகுப் பக்கமாக வளைந்தது, நாலு நாளில் ஐந்தும் போய்விட்டன. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்து, வெளிறிப்போன ஈரலைக் காட்டினார். அஃப்ளடாக்சின் என்கிற பூசண நஞ்சாம். கோழி ஓரளவு தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. பூசணத்தைச் சுரண்டினாலும் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது என்றார். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததும் இதே கடலைப் புண்ணாக்கு நஞ்சால்தான் என்று பிறகு படித்தேன். அந்த ஐந்து குஞ்சுகளை நினைத்தால் இன்னும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இப்போது வாத்துக்குப் புண்ணாக்கே கிடையாது. வயல் நத்தையை வேகவைத்து ஓட்டோடு நசுக்கிப் போடுகிறேன். கோழிக்கு மட்டும் பத்து நாளுக்கு வேண்டிய புண்ணாக்கை வாங்கி, மூடி போட்ட டின்னில் வைக்கிறேன். மழைக்காலத்தில் அதுவும் வாங்குவதில்லை.